ரெட் அலர்ட்டுக்கு மேல வேற கலர் கிடையாது: திரேஸ்புரம் தன்னார்வலர் கூட்டத்தில் பேசியது

📌 ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரேஸ்புரத்தில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் கூட்டத்தில் நம் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத தோழர்கள் கேட்டதால் முழுசாகப் பதிவிடுகிறோம். நீளமான பதிவுதான். மழைக்கு முன்னாடி ஒரு தடவை பொறுமையாகப் படிச்சிருங்க.



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்ல. நான் இன்ஜினியரிங் படிச்சவன், நம்ம பக்கத்துக்குப் போஸ்டர் டிசைன் பண்றவன், வீடியோ எடிட் பண்றவன். இன்னிக்கு அரசியல் பேசப் போறதில்ல. வடகிழக்குப் பருவமழை வரப் போகுது. அதுக்கு நம்ம வீடும் தெருவும் தயாரா இருக்கான்னுதான் பேசப் போறேன்.

2023 டிசம்பர் 17-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீங்க. மறுநாள் காலை எட்டரை மணி வரைக்கும் 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூர்ல 69. ஸ்ரீவைகுண்டத்துல 62. நம்ம மாவட்டத்துல சராசரியா ஒரு வருஷம் முழுக்கப் பெய்யுற மழையே 70 சென்டிமீட்டருக்கும் குறைவுதான். அதை விட அதிகமா ஒரே நாள்ல ஒரே ஊர்ல கொட்டித் தீர்த்திருச்சு.

மழை மட்டும் வந்திருந்தா சமாளிச்சிருக்கலாம். தாமிரபரணி ரெண்டு கரையும் புரண்டு வந்துச்சு. குளங்கள் உடைஞ்சுது. கோரம்பள்ளம் குளம் உடைஞ்ச தண்ணி டவுனுக்குள்ள வந்துச்சு. மழை நின்ன பிறகும் நாள்கணக்கா தெருவுல தண்ணி நின்னதை நாம பார்த்தோம்.

திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்லயே நின்னுச்சு. தண்டவாளத்துக்கு அடியில ஜல்லி எல்லாம் அரிச்சுட்டுப் போயிருந்துது. சுமார் 800 பயணிகள். 17-ந்தேதி ராத்திரி சிக்கினவங்கள்ல பல பேரை 19-ந்தேதிதான் வெளியில கொண்டு வர முடிஞ்சுது. அதுவரைக்கும் அவங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டது யாரு? பக்கத்துல இருக்கிற புதுக்குடி ஊர்க்காரங்க. அவங்களுக்கும் சுத்தி வெள்ளம்தான். இருந்தாலும் அடுப்பு மூட்டினாங்க.

இதுல நான் முதல்ல சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு எச்சரிக்கை கொடுக்குதுல்ல? ஒரு நாள்ல 20 சென்டிமீட்டருக்கு மேல மழை எதிர்பார்த்தா சிவப்பு. 21 சென்டிமீட்டர் பெஞ்சாலும் சிவப்புதான், 95 பெஞ்சாலும் அதே சிவப்புதான். அதுக்கு மேல வேற கலர் கிடையாது. அதனால "ரெட் அலர்ட்டா, போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க, சும்மா தூறிட்டுப் போச்சு"ன்னு யாராவது சொன்னா, தயவுசெஞ்சு 95-ஐ ஞாபகப்படுத்துங்க. சிவப்புன்னா குறைஞ்சது இவ்வளவுன்னுதான் அர்த்தம். எவ்வளவு வரைக்கும் போகும்னு அந்தக் கலர் சொல்லாது.

அடுத்து நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்றேன். இதைச் சொல்லத்தான் இன்னிக்கு மைக் பிடிச்சேன்.

அந்த டிசம்பர்ல நான் சென்னையில வேலையில இருந்தேன். அம்மாவும் ஆச்சியும் இங்க திரேஸ்புரத்துல. 18-ந்தேதி காலையில இருந்து போன் போகல. ஊருக்கு வர ரயிலும் இல்ல, ரோடும் இல்ல. என்ன செய்யிறதுன்னு தெரியாம ரூம்ல லேப்டாப்பைத் திறந்து வச்சு, ஒரு கூகுள் ஷீட் போட்டு, உதவி கேட்டு வர்ற மெசேஜ் எல்லாத்தையும் சேர்க்க ஆரம்பிச்சேன். என்னை மாதிரி இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். தூங்கல, சாப்பிடல. பெரிய வேலை செய்யிறோம்னு நெனச்சோம்.

ஒரு மெசேஜ் வந்துச்சு. "கர்ப்பிணிப் பெண் உட்பட 6 பேர் மாடியில் தவிக்கிறார்கள். உடனே உதவவும்." தெரு பேரு இருந்துச்சு. எப்ப எழுதினதுன்னு இல்ல. நான் கேக்கவும் இல்ல. அப்படியே போஸ்டர் பண்ணிப் போட்டேன். எங்க பார்த்தாலும் அந்தப் போஸ்டர்தான். நம்ம ஊர் அண்ணன்மார் நாலு பேரு அதைப் பார்த்துட்டு, வள்ளத்தை இடுப்பளவு தண்ணியில தள்ளிக்கிட்டே போயிருக்காங்க. சில இடத்துல தரை தட்டி, தூக்கிட்டுப் போயிருக்காங்க. போய்ப் பார்த்தா வீடு பூட்டிக் கிடக்கு. அந்தக் குடும்பம் முந்தின நாளே சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயாச்சு.

அதே நேரத்துல ரெண்டு தெரு தள்ளி ஒரு தாத்தாவும் ஆச்சியும் தனியா இருந்திருக்காங்க. தாத்தாவுக்குச் சக்கரை, கால்ல புண்ணு. ஸ்மார்ட்போன் கிடையாது. அவங்களைப் பத்தி யாரும் போஸ்ட் போடல. என் ஷீட்ல அவங்க பேரு இல்ல. மறுநாள் மத்தியானம்தான் கூட்டிட்டு வந்திருக்காங்க. ஒன்றரை நாள் இன்சுலின் இல்ல, புண்ணு தண்ணியிலயே கிடந்திருக்கு. உயிர் பிழைச்சிட்டாரு. ஒரு காலை எடுக்க வேண்டியதாயிருச்சு.

பிறகு ஊருக்கு வந்தப்ப அந்த நாலு பேர்ல ஒரு அண்ணன்தான் இதைச் சொன்னாரு. கோவப்படவே இல்ல. "தம்பி, நீ போட்டதைப் பார்த்துதான் நாங்க அங்கன போனோம்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கப்புறம் எனக்கு ஒரு வாரம் போனைத் தொடவே மனசு வரல.

எங்க ஆச்சி என்ன ஆனாங்கன்னு கேப்பீங்க. நல்லா இருந்தாங்க. எதுத்த வீட்டு அக்கா தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே வந்து, ஆச்சியைக் கைத்தாங்கலா மாடிக்கு ஏத்திட்டாங்க. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு குடம் நல்ல தண்ணி எல்லாம் முன்னமே மேல போயாச்சு. "போன் போச்சுன்னா என்னல, எதுத்த வீட்டுக்காரி இருக்கால்ல"ன்னு சொன்னாங்க. நான் நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படிச்சதுல கத்துக்காததை ஆச்சி ஒரு வரியில சொல்லிட்டாங்க.

படிச்சதையும் கொஞ்சம் சொல்லணும்ல. செல்போன் டவர் கரண்ட்ல ஓடுது. கரண்ட் போனா பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அப்புறம் டீசல் ஜெனரேட்டர். ரோடு மூழ்கிட்டா டீசல் எப்படிப் போகும்? அதனால பெரிய வெள்ளத்துல முதல் நாளோ ரெண்டாம் நாளோ நெட்வொர்க் படுத்துரும். நம்ம வாட்ஸ்அப் குரூப் எல்லாம் தண்ணி வர்றதுக்கு முன்னாடியும், தண்ணி வடிஞ்ச பிறகும்தான் வேலை செய்யும். நடுவுல இருக்கிற நேரத்துக்குத் தெருதான் நெட்வொர்க்.

அதனால முதல் வேலை: தெருப் பட்டியல்.

ஒவ்வொரு தெருவுக்கும் ரெண்டு பேர் பொறுப்பு. ஒருத்தர் ஆண், ஒருத்தர் பெண். ஒரு நோட்டு வாங்குங்க. போன்ல வேண்டாம், காகித நோட்டு. நடக்க முடியாதவங்க யாரு, தனியா இருக்கிற வயசானவங்க யாரு, மாசமா இருக்கிறவங்க யாரு, கைக்குழந்தை எந்த வீட்டுல, டயாலிசிஸ் போறவங்க, இன்சுலின் போடுறவங்க யாருன்னு எழுதுங்க. அடுத்த பக்கத்துல, மாடி வீடு யாருது, வள்ளம் யாருகிட்ட, இன்ஜின் ஓட்டத் தெரிஞ்சவர் யாரு, நர்ஸ் அக்கா யாரு, எலக்ட்ரீசியன் யாரு. ஒவ்வொரு வயசானவருக்கும் நேரா ஒரு பக்கத்து வீட்டுக்காரர் பேரு இருக்கணும். தண்ணி வருதுன்னா அவங்க போய் இவங்களைக் கூட்டிட்டு வரணும். அவ்வளவுதான் திட்டம்.

இந்த நோட்டுல எந்தக் கட்சின்னு ஒரு கட்டம் கிடையாது. யாரு எந்தக் கோயிலுக்குப் போறாங்க, எந்தச் சர்ச், எந்தப் பள்ளிவாசல்னும் கிடையாது. இதைப் போட்டோ எடுத்து குரூப்ல போடவும் கூடாது. தனியா இருக்கிற ஆச்சியோட விலாசம் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம்.

ரெண்டாவது வேலை நமக்கு, அதாவது ஐ.டி. விங் பசங்களுக்கு. இனிமே உதவி கேட்டு ஒரு பதிவு போடணும்னா அஞ்சு விஷயம் இல்லாம போடக் கூடாது.

1. இடம். தெரு பேரோட பக்கத்துல ஒரு அடையாளம். தண்ணியில தெரு பேரு எழுதின பலகை தெரியாது. சர்ச் கோபுரம், தண்ணித் தொட்டி தெரியும்.
2. எத்தனை பேர், அதுல உடம்புக்கு முடியாதவங்க யாரு.
3. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்த தகவல்.
4. நாம திரும்பக் கூப்பிட்டுப் பேசினோமா, யாரு பேசினது.
5. மீட்டாச்சுன்னா உடனே அதே பதிவுல "மீட்கப்பட்டார்கள்"னு பெருசா எழுதணும், போஸ்டரை எடுத்துரணும்.

இதுல ஒண்ணு குறைஞ்சாலும் ஷேர் பண்ணாதீங்க. முதல்ல மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, இந்த நம்பர்களுக்குச் சொல்லுங்க. சிக்னல் மோசமா இருந்தா வீடியோ அனுப்ப முயற்சி பண்ணாதீங்க. சாதா எஸ்.எம்.எஸ். போற வாய்ப்பு அதிகம்.

மூணாவது, வீட்டுக்குள்ள. ஒரு பை. பள்ளிக்கூடப் பை போதும்.

ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், பத்திரம், மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவுச் சான்று, பிள்ளைகளோட மார்க் ஷீட், எல்லாத்தோட நகலும் கனமான பிளாஸ்டிக் கவர்ல. ஏழு நாளைக்கு மருந்து, மருந்துச் சீட்டோட. டார்ச், தனியா பேட்டரி. பவர் பேங்க். பட்டன் போன் பழசு இருந்தா தூக்கிப் போடாதீங்க, ஒரு சார்ஜ் நாலு நாள் நிக்கும். சின்ன ரேடியோ ஒண்ணு. வானொலி நிலையம் நம்ம தூத்துக்குடியிலயே இருக்கு. விசில். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. கரண்ட் இல்லாதப்ப ஜிபே எடுக்காது, அதனால சில்லறையா கொஞ்சம் பணம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட். அக்காமார் சொல்லாம விடுற ஒண்ணையும் நானே சொல்றேன், நாப்கின். முகாம்ல கேட்டு வாங்கக் கூச்சப்பட்டுத் தவிச்சவங்களை எனக்குத் தெரியும்.

குடிதண்ணி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு லிட்டர் கணக்குல, மூணு நாளைக்கு. நாலு பேர் வீடுன்னா 36 லிட்டர். ரெண்டு கேன். இது முடியாத காரியம் இல்ல.

வீட்டுக்குள்ள தண்ணி வர ஆரம்பிச்சா மெயினை அணைச்சிருங்க. கைகால் ஈரமா, தண்ணியில நின்னுக்கிட்டு சுவிட்ச் தொடாதீங்க. அப்படின்னா தண்ணி வர்றதுக்கு முன்னாடியே அணைக்கணும். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரைக் கட்டி வைங்க, இல்லன்னா மிதந்துரும். தண்ணி வடிஞ்ச பிறகு அவசரப்பட்டு மெயின் போடாதீங்க. எலக்ட்ரீசியன் பார்க்கட்டும். தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க. கால்ல புண்ணு இருக்கிறவங்க வெள்ளத் தண்ணியில இறங்காதீங்க, எலிக்காய்ச்சல் வரும். அப்படி இறங்கிட்டு ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, வெள்ளத் தண்ணியில நின்னேன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு பிரச்சினை இருக்கு. பக்கிள் ஓடை. டவுன் தண்ணி எல்லாம் அது வழியாத்தான் நம்ம திரேஸ்புரம் பக்கம் வந்து கடல்ல சேருது. கடல் ஏத்தமா இருந்தா ஓடைத் தண்ணி சட்டுனு வடியாது, பின்னாடி தேங்கும். அந்த ஓடையில போடுற ஒவ்வொரு பிளாஸ்டிக் பையும் நம்ம வாசலுக்குத்தான் திரும்பி வரும். மழைக்கு முன்னாடி ஓடை தூர் வாரியாச்சான்னு மாநகராட்சியில மனு கொடுத்துக் கேக்கணும். எந்தக் கட்சி கவுன்சிலரா இருந்தாலும் போய்க் கேப்போம். நம்ம கட்சியா இருந்தா ரெண்டு தடவை கேப்போம்.

இப்ப கடலுக்குப் போற அண்ணாச்சிமாருக்கு.

உங்களுக்குக் காத்தைப் பத்தி நான் சொல்லத் தேவையில்ல. வாடையும் கச்சானும் உங்களுக்கு அத்துப்படி. ஆனா 2017 நவம்பர் கடைசியில ஒக்கி வந்தப்ப கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள், நம்மளை விட ஆழ்கடல் தெரிஞ்சவங்க, ஏற்கெனவே கடல்ல தூரமாப் போயிருந்தாங்க. எச்சரிக்கை வந்தப்ப செல்போனும் எட்டல, வயர்லெஸ்ஸும் எட்டல. கடல் தெரியாததால அவங்க போகல. தகவல் போய்ச் சேராததால போனாங்க. அதுக்கு அப்புறம்தான் செயற்கைக்கோள் வழியாத் தகவல் சொல்ற கருவிகளும் விசைப்படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டரும் வந்துச்சு.

துறைமுகத்துல ஏத்துற புயல் கூண்டு நம்பரை டிவியில கேக்குறோம். அர்த்தம் பாதிப் பேருக்குத் தெரியாது. 1-ம் எண், தூரத்துல காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கு. 2, தூரத்துல புயலே உருவாகிருச்சு, துறைமுகத்தை விட்டுக் கிளம்புற கப்பல் அதுல மாட்டலாம். 3, 4 வந்தா, நம்ம துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரும். 5, 6, 7 ஆபத்து. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமா, இல்ல நேராவே கடக்கும்ங்கிறதைப் பொறுத்து நம்பர் மாறும். 8, 9, 10 பெரும் ஆபத்து. 11 வந்தா வானிலை மையத்தோட தொடர்பே அறுந்து போச்சுன்னு அர்த்தம். 1-ம் எண்தானேன்னு நெனச்சு வலையை ஏத்தாதீங்க. அந்தத் தூரம் கரையில இருந்து சொல்ற தூரம். நீங்க போற இடம் அதுக்குப் பக்கமா இருக்கலாம்.

கடல்ல ஆபத்துன்னா கடலோரக் காவல்படை நம்பர் 1554. வள்ளத்துல உள்பக்கம் பெயின்ட்ல எழுதிருங்க. உயிர்காப்பு மிதவை கரையில காயப் போடுறதுக்கு இல்ல. கிளம்புறதுக்கு முன்னாடி எத்தனை பேர், எந்தப் பக்கம், எப்ப திரும்புவோம்னு வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க.

அப்புறம் ஒண்ணு. நீங்கதான் இந்த ஊரோட பெரிய பலம். 2018 கேரள வெள்ளத்துல மீனவர்கள் சொந்தப் படகுகளை லாரியில ஏத்திட்டுப் போய் ஆயிரக்கணக்கான பேரைக் காப்பாத்தினாங்க. 2023-ல நம்ம மாவட்டத்துலயும் படகுகள் தெருவுக்குள்ள வந்துச்சு. அடுத்த தடவை அது தற்செயலா நடக்க வேண்டாம். எந்த வள்ளம், யாரோட லாரி, டீசல் யாரு தர்றது, எந்த ரோடு வழியாப் போறது, இதெல்லாம் இப்பவே பேசி மாவட்ட நிர்வாகத்துக்கும் எழுதிக் கொடுப்போம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நடத்துற ஆப்த மித்ரா பயிற்சியில நம்ம பசங்களைச் சேர்க்க முடியுமான்னும் அதே மனுவுல கேப்போம்.

முன்கூட்டியே தயாரானா என்ன ஆகும்? ஒடிசாவைப் பாருங்க. 1999 சூப்பர் புயல்ல அங்க சுமார் 10,000 பேர் இறந்தாங்க. 2013-ல பைலின் புயல் வந்தப்ப சுமார் 10 லட்சம் பேரை முன்னாடியே மேடான இடத்துக்குக் கொண்டு போனாங்க. இறப்பு 50-க்கும் கீழ. அதே கடற்கரைதான், நடுவுல 14 வருஷம் வேலை நடந்திருக்கு. அங்க நோலியாசாஹி, வெங்கட்ராய்பூர்னு ரெண்டு மீனவ ஊர்களை 2020-ல யுனெஸ்கோவோட கடலியல் ஆணையம் "சுனாமிக்குத் தயாரான ஊர்"னு அங்கீகரிச்சுது. நம்ம திரேஸ்புரம் ஏன் அந்தப் பட்டியல்ல வரக் கூடாது?

2004 சுனாமியில நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000-க்கும் மேல இறந்தாங்க. நமக்கு இலங்கை மறைப்பா இருந்துச்சு. அது நம்ம திறமை இல்ல, அதிர்ஷ்டம். ஆனா அந்த அலை கிளம்பின இடத்துக்கு ரொம்பப் பக்கத்துல இந்தோனேசியாவுல சிமெலுவேன்னு ஒரு தீவு. சுமார் 78,000 பேர் இருந்த தீவுல இறந்தவங்க ஏழு பேர். காரணம், 1907-ல அங்க வந்த சுனாமியைப் பத்திப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கிட்டே வந்திருக்காங்க. நிலம் பலமா ஆடி, கடல் உள்வாங்கினா, மேட்டுக்கு ஓடுன்னு. நம்ம பிள்ளைகளுக்கு 95 சென்டிமீட்டரைப் பத்தி யாரு சொல்றா? மூணு வருஷம் ஆனா மறந்துருவோம். சுவத்துல அந்த வருஷம் தண்ணி ஏறின உயரத்துக்கு ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்க. பிள்ளை கேக்கும். அப்பச் சொல்லுங்க.

கடைசியா நம்ம தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிவாரணம் கொடுக்கும்போது சோத்துப் பொட்டலத்துல ஸ்டிக்கர் வேண்டாம். வாங்குறவங்க முகம் தெரியுற மாதிரி போட்டோ வேண்டாம். மழையில நனைஞ்சு நிக்கிற ஒரு அம்மாவைக் கேமரா பக்கம் திரும்பச் சொல்ற கட்சியா நாம இருக்கக் கூடாது. ஸ்டிக்கர் இல்லன்னாலும் சோறு யாரு கொடுத்தான்னு சாப்பிட்டவங்களுக்குத் தெரியும்.

இந்த வாரம் மூணே வேலை. ஒண்ணு, வீட்டுல பை கட்டுங்க. ரெண்டு, தெரு நோட்டுல பேர் எழுதுங்க. மூணு, உங்க தெருவுல ஸ்மார்ட்போன் இல்லாத ஒரு வீட்டுக்குப் போய், "ஆச்சி, தண்ணி வந்தா நான் வாறேன்"னு சொல்லிட்டு வாங்க. சொன்னா, போகணும்.

அந்தத் தாத்தாவைப் போன மாசம் பார்க்கப் போனேன். என் ஷீட் விஷயம் எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு, "அடுத்த மழைக்கு வருவியாடே?"ன்னு கேட்டாரு. வருவேன்னு சொல்லியிருக்கேன். என் நோட்டுல முதல் பேரு அவரோடது.



👉 உங்கள் தெருவுக்குப் பொறுப்பு எடுக்க விரும்பும் தோழர்கள் தெரு பேரை மட்டும் கமெண்டில் போடுங்கள். போன் நம்பர் போட வேண்டாம், இன்பாக்ஸில் தொடர்புகொள்கிறோம்.

☎️ மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070 | மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077 | கடலோரக் காவல்படை 1554

#திரேஸ்புரம் #தூத்துக்குடி #தெருதான்_நெட்வொர்க் #மழைக்கு_முன்